ரேட்டிங் 3 உள்ள பள்ளியில் என் மகளைச் சேர்க்கலாமா?

வட கரோலினாவின் கிழக்குப் பக்கம், பருத்தியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விளைகிற ஒரு கிராமப்புறக் கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே அவரே உட்கார்ந்து போட்ட ஓர் அட்டவணை. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணவர் மருத்துவர். மிச்சிகனில் ரெசிடென்சி என்ற மருத்துவப் பயிற்சியை முடித்தார். பயிற்சிக்காக வரும் ஜே-1 விசாக்காரர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைப்பதற்காக, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்ப்பதாக ஒப்புக்கொண்டு போன ஆகஸ்டில் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். இப்போது அவருக்கு ஹெச்-1பி என்ற வேலை விசா, அம்மாவுக்கும் மகளுக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கான ஹெச்-4. மகள் எட்டாம் வகுப்பு. டெட்ராய்ட் புறநகரில் அவள் படித்த பள்ளிக்குப் பத்துக்கு ஒன்பது ரேட்டிங்.

இந்தக் கவுண்டியிலோ ஒன்பதாம் வகுப்புக்குப் போக மூன்றே மூன்று பொதுப் பள்ளிகள். கிழக்குப் பள்ளி, மேற்குப் பள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மூன்றாவது, கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) வளாகத்துக்குள்ளேயே நடக்கும் ஏர்லி காலேஜ், அதாவது ஹைஸ்கூலோடு கல்லூரிப் பாடமும் படிக்கிற பள்ளி. இவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடு கிழக்குப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது. அதற்கு இணையத்தில் ரேட்டிங் 3, மாநிலம் கொடுத்த கிரேடு டி. மேற்குப் பள்ளிக்கு 5, கிரேடு சி. ஏர்லி காலேஜுக்கு ஏ. "மூன்று மார்க் வாங்குகிற பள்ளிக்கூடத்தில் என் பிள்ளையைத் தள்ள மனசே வரவில்லை" என்கிறார். கிழக்குப் பள்ளியில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம் என்பதும், ஆசிய மாணவர்களின் மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருப்பதும், கணவரோடு வேலை பார்ப்பவர்கள் "அந்தப் பள்ளி சரியில்லை" என்று சொன்னதும் அவரைக் கலக்கியிருக்கின்றன. ஏர்லி காலேஜ் என்பது படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கானது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார்.

அவர் யோசித்து வைத்திருக்கும் வழிகள்: வேக் கவுண்டியில் ராலே நகரத்தை ஒட்டியுள்ள கேரியில் இருக்கும் நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்து அங்கே சேர்ப்பது, அல்லது தானும் மகளும் கேரிக்கே குடிபோய், கணவர் வார இறுதியில் வந்து போவது, அல்லது மேற்குப் பள்ளிக்கு மாற்றல் கேட்பது. மகளுக்குக் கணக்கு பிடிக்கும், வயலின் வாசிக்கிறாள், டாக்டராக ஆசை. ஆனால் மிச்சிகனில் அல்ஜீப்ரா வகுப்புக்குப் போகவிருந்தவளை இங்கே சாதாரண எட்டாம் வகுப்புக் கணக்கில் உட்காரவைத்துவிட்டார்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "அவள் தோழிகள் போகிற பள்ளிக்கே போக வேண்டும் என்கிறாள், சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்."

அன்புள்ள சகோதரி,

கேரி முகவரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதை நீங்கள் சும்மா ஒரு குறுக்குவழி என்பது போல எழுதியிருக்கிறீர்கள். வட கரோலினாவில் பிள்ளை உண்மையாக எங்கே குடியிருக்கிறதோ அந்தப் பள்ளி மாவட்டத்தில்தான் கட்டணமில்லாமல் படிக்க உரிமை. நண்பரின் வாடகை ஒப்பந்தத்தையும் கரண்ட் பில்லையும் காட்டிச் சேர்ப்பது, பொய் உறுதிமொழி எழுதிக் கொடுப்பது எல்லாம் மாட்டினால் பிள்ளையை நடு வருடத்தில் வெளியே அனுப்பலாம், படித்த காலத்துக்கான செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், குற்ற வழக்காகவும் ஆகலாம். குடியுரிமை உள்ளவருக்கே அது தலைவலி. விசா புதுப்பிப்பு, கிரீன் கார்டு என்று அடுத்த பல வருடங்களுக்கு ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்துப் போடப்போகிற குடும்பம் ஓர் அரசு அலுவலகத்தில் பொய் முகவரி கொடுத்த பதிவோடு நிற்கவே கூடாது. நண்பரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள். இதை மறந்துவிடுங்கள்.

கேரிக்கு உண்மையாகவே குடிபோவது வேறு விஷயம், அதில் சட்டச் சிக்கல் இல்லை. விலக்கு நிபந்தனை உங்கள் கணவரின் வேலைக்குத்தான், மனைவியும் மகளும் எங்கே தூங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஆனால் கேரியில் வீடு எடுத்தாலே நீங்கள் நினைக்கும் பள்ளி கிடைத்துவிடும் என்று எண்ணுகிறீர்களே, அது சரியில்லை. வேக் கவுண்டியில் நிரம்பி வழியும் பள்ளிகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு எட்டிவிட்டால் புதிதாகக் குடிவந்த பிள்ளையை வேறு பள்ளிக்குத் திருப்பிவிடுவார்கள். இரண்டு வாடகை, ஒன்றரை மணி நேரத் தூரம், இரவுப் பணி, வாரம் முழுக்க அப்பா இல்லாத வீடு, இத்தனையையும் ஏற்றுக்கொண்டு கடைசியில் பட்டியலில் இல்லாத ஒரு பள்ளியில் போய் நிற்க நேரலாம். நான் பள்ளிக் கவுன்சிலராக வேலை பார்ப்பவள். பதினான்கு வயதில் ஊரும் மாறி, அப்பாவும் பக்கத்தில் இல்லாமல் புதுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளை அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களை என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஏ.பி. பாடம் (ஹைஸ்கூலில் எடுக்கும் கல்லூரி மட்டத்துப் பாடம்) அல்ல.

எத்தனை வருடம் இங்கே இருக்கப் போகிறீர்கள்?

உங்கள் அட்டவணையில் பதினொரு பத்தி இருக்கிறது, இந்தக் கேள்விக்கு மட்டும் பத்தி இல்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

மூன்று வருட ஒப்பந்தம் போன ஆகஸ்டில் தொடங்கியது என்றால், மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அதுவும் முடிகிறது. அதற்குப் பிறகு கிளம்பிவிடுவதாக இருந்தால் நீங்கள் தேர்ந்தெடுப்பது நான்கு வருடப் பள்ளியை அல்ல, இரண்டு வருடப் பள்ளியை. கணக்கே மாறிவிடும். வட கரோலினாவில் கணக்கு 1, கணக்கு 2, கணக்கு 3 என்று அல்ஜீப்ராவையும் ஜியோமெட்ரியையும் கலந்து நடத்துகிறார்கள். பல மாநிலங்களில் அவை தனித்தனிப் பாடங்கள். பதினொன்றாம் வகுப்பில் வேறு மாநிலத்துக்குப் போனால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று அங்கே ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏர்லி காலேஜிலும் முழுப் பலன் கடைசி இரண்டு வருடத்தில்தான், பாதியில் விட்டால் கையில் கொஞ்சம் கல்லூரி கிரெடிட் மட்டும் மிஞ்சும்.

மாறாக, பற்றாக்குறைப் பகுதி மருத்துவர்களுக்கான தேசிய நல விலக்கு வழியாகக் கிரீன் கார்டுக்குப் போவதாக இருந்தால் மொத்தம் ஐந்து வருடச் சேவை வேண்டும், ஜே-1 விலக்குக்காக ஹெச்-1பியில் வேலை பார்க்கும் இந்த மூன்று வருடமும் அதில் சேரும். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு: எண்ணிப் பாருங்கள், மகள் ஹைஸ்கூல் முடிப்பதோடு ஐந்தும் முடிகிறது. அப்படியானால் ஏர்லி காலேஜ் உட்பட எல்லாமே முழுமையாகப் பொருந்தும்.

இன்னொன்று, சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஹெச்-4 பிள்ளைக்கு 21 வயதோடு முடிகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. மகள் டாக்டராக வேண்டும் என்றால் ரேட்டிங் 3-ஆ 5-ஆ என்பதைவிடப் பல மடங்கு முக்கியம், மனு எப்போது தாக்கல் ஆகிறது, வரிசையில் உங்கள் தேதி எது என்பது. மருத்துவர்கள் வழக்கைப் பார்த்துப் பழகிய குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசுங்கள், பள்ளியை முடிவு செய்வதற்கு முன்பே. அது என் துறை அல்ல, அதனால் இதோடு நிறுத்துகிறேன். உள்ளூர்க் கல்லூரிக் கட்டணம் பற்றி மட்டும் ஒரு வரி: ஹெச்-1பி, ஹெச்-4 குடும்பங்களும் மாநிலத்தில் பன்னிரண்டு மாதம் நிலையாக வாழ்ந்திருந்தால் வட கரோலினாவாசிக்கான கட்டணம் வழக்கமாகக் கேட்கலாம். கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகைதான் கிடைக்காது.

அட்டவணையை இப்படிப் படியுங்கள்

வீடு விற்கும் தளங்களில் விலைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பத்துக்கு இத்தனை என்ற எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. தேர்வு மதிப்பெண் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பின்தொடர்கிறது. மாநிலக் கிரேடும் ரொம்ப வேறில்லை: ஏ முதல் எஃப் வரையான அந்த எழுத்தில் 80 விழுக்காடு தேர்ச்சி நிலை, 20 விழுக்காடுதான் வளர்ச்சி. உங்கள் வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போதே எவ்வளவு திடமாக இருந்தார் என்பதை வைத்து டாக்டருக்கு மார்க் போடுவது இது.

டாக்டர் என்ன செய்தார் என்பதற்கு நெருங்கி வருவது வளர்ச்சி அளவு. ஒரு மாணவர் முந்தைய தேர்வுகளில் வாங்கியதை வைத்து இந்த வருடம் இவ்வளவு வாங்கலாம் என்று கணித்து, அதைவிடக் கூடுதலா, அவ்வளவேதானா, குறைவா என்று பள்ளிவாரியாகச் சொல்கிறார்கள். உங்கள் அட்டவணையிலேயே அது இருக்கிறது, ஒன்பதாவது பத்தியில், நீங்கள் அதைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டீர்கள். கிழக்குப் பள்ளி, எதிர்பார்த்ததைவிட அதிகம், தொடர்ந்து மூன்று வருடமாக. மேற்குப் பள்ளி, எதிர்பார்த்ததை எட்டவில்லை, கடைசி இரண்டு வருடம். அதாவது டி வாங்கிய பள்ளி வந்த பிள்ளைகளை மேலே தள்ளுகிறது. சி வாங்கிய பள்ளி, கொஞ்சம் நன்றாகப் படித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை அங்கேயே விட்டுவிடுகிறது. உங்கள் மகள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவள். அவளை எந்தப் பள்ளி மேலே கொண்டுபோகும் என்பதுதானே உங்கள் கவலை?

ஆனால் இதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஹைஸ்கூலில் மாநிலப் பாட இறுதித் தேர்வு நான்கே நான்குக்குத்தான்: கணக்கு 1, கணக்கு 3, உயிரியல், பத்தாம் வகுப்பு ஆங்கிலம். வேதியியல் யார் நடத்துகிறார், இயற்பியல் இருக்கிறதா இல்லையா, இதையெல்லாம் எந்தக் கிரேடும் உங்களுக்குச் சொல்லாது. டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்கு அதுதான் வேண்டும். அப்புறம், வருடத்துக்குத் தொண்ணூறு பேர் தேறி வெளியேறும் பள்ளியில் ஐந்து பிள்ளைகள் படிப்பை விட்டால் தேர்ச்சி விகிதம் ஐந்து புள்ளிக்கு மேல் சரியும். ஒரே வருட எண்ணை வைத்து இரண்டு சின்னப் பள்ளிகளை எடை போடாதீர்கள், மூன்று வருடத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

காலியான ஆசியக் கட்டத்தை யாரும் மறைக்கவில்லை. ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் தனிப்பட்ட பிள்ளையின் மதிப்பெண் வெளியே தெரிந்துவிடும் என்பதால் வெளியிட மாட்டார்கள். இலவசச் சாப்பாட்டையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் இருக்கும் பள்ளியோ மாவட்டமோ, ஒவ்வொருவரிடமும் படிவம் வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகவே போடலாம் என்று கூட்டாட்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. அந்த அளவை 2023-ல் 40 விழுக்காட்டிலிருந்து 25-ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆக, நூற்றுக்கு நூறு இலவசம் என்றால் நூற்றுக்கு நூறு ஏழைகள் என்று அர்த்தமில்லை. உங்கள் மகளும் அதே வரிசையில் நின்று சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

"சரியில்லை" என்ற வார்த்தைக்கு வருகிறேன். சொன்னவரிடம் என்ன சரியில்லை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகள் தனியார் அகாடமியில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தெற்கு மாநிலங்களின் கிராமப்புறங்களில் இருக்கும் இப்படிப்பட்ட அகாடமிகளில் பல 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் முளைத்தவை, பொதுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் நீதிமன்றங்கள் ஒன்றாக உட்காரவைத்த அதே நேரத்தில். நீங்கள் சொல்லும் அகாடமி அப்படி வந்ததுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர்களில் ஒரு பள்ளியின் பேர் எப்படிக் கெட்டது என்பதற்குப் பின்னால் பல நேரம் வகுப்பறைக்குச் சம்பந்தமில்லாத கதை இருக்கும், அது தலைமுறை தாண்டியும் விருந்துப் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு பற்றிப் பயம் என்றால் மாநிலத்தின் பள்ளி அறிக்கை அட்டையில் இடைநீக்கங்களும் குற்றச் சம்பவங்களும் எண்ணிக்கையோடு இருக்கின்றன. மூன்று பள்ளிகளுக்கும் அதைப் பாருங்கள், விருந்துப் பேச்சை விட்டுவிடுங்கள்.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் மாநிலம் முழுக்க ஒன்றுதான், அதற்கு மேல் ஒவ்வொரு கவுண்டியும் தன் சொத்துவரியிலிருந்து கூடுதல் தொகை போடுகிறது. வேக் கவுண்டி தாராளமாகப் போடும், ஏழைக் கவுண்டிகள் கொஞ்சம்தான் போட முடியும். நல்ல கணக்கு ஆசிரியர் மூன்று வருடம் அனுபவம் சேர்த்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவார். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து ஹோக், ஹாலிஃபாக்ஸ், ரோப்சன், கம்பர்லாண்ட், வான்ஸ் ஆகிய ஐந்து கவுண்டிகளிலிருந்து 1994-ல் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் உருப்படியான அடிப்படைக் கல்வி பெற உரிமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997-ல் சொன்னது. சொல்லிவிட்டார்களே தவிர, காசு போய்ச் சேரவில்லை என்ற சண்டை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. ஆகவே உங்கள் கவலைக்கு அடிப்படை இருக்கிறது, அதை நீங்கள் தேடியது ரேட்டிங் எண்ணில். ஆசிரியர் பட்டியலில் தேடுங்கள்.

ஏர்லி காலேஜ் யாருக்கானது?

உங்கள் நண்பர் பாதிதான் கேட்டிருக்கிறார். வட கரோலினாவில் இப்படிப்பட்ட பள்ளிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2003-ல் வந்த சட்டத்தின் வழியாகத் தொடங்கிய இவை மூன்று வகைப் பிள்ளைகளுக்கானவை: படிப்பை விட்டுவிடும் ஆபத்தில் இருப்பவர்கள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள், வேகமாகப் படித்து முன்னேறக்கூடியவர்கள். நண்பர் முதல் வகையை மட்டும் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் ஹைஸ்கூல் பாடத்தோடு கல்லூரிப் பாடங்களையும் கட்டணமில்லாமல் எடுத்து, நான்கு அல்லது ஐந்து வருடத்தில் இரண்டு வருடக் கல்லூரிப் பட்டத்தோடு வெளியே வரலாம். அந்தப் பட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாம் ஆண்டு நிலைக்கு எடுத்துக்கொள்ளப்படும்படி ஒப்பந்தம் இருக்கிறது.

அதன் ஏ கிரேடையும் அப்படியே நம்ப வேண்டாம், மேலே சொன்ன அதே காரணம்தான். விண்ணப்பித்து, நேர்காணல் தாண்டி வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் இங்கே நமக்கு ஒரு நல்ல சான்று உண்டு: கிரீன்ஸ்பரோவில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று, குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் அதே குலுக்கலில் கிடைக்காமல் போனவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தது. இடம் கிடைத்தவர்களில் கூடுதலானோர் பட்டம் வாங்கியிருந்தார்கள். இரண்டு கூட்டமும் விண்ணப்பித்தவர்கள்தான் என்பதால் இதை நான் ரேட்டிங்கைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் மகளுக்கு என்று வரும்போது மூன்று விஷயம் இருக்கிறது. பெற்றோர் இருவருமே பட்டதாரிகள், அதனால் முதல் தலைமுறைக்கான முன்னுரிமை கிடைக்காது. வேகமாகப் படிக்கக்கூடியவள் என்ற வகையில்தான் விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். இரண்டாவது, அங்கே பெரிய இசைக்குழு, விளையாட்டு அணி எல்லாம் இருக்காது, சின்ன இடம். மூன்றாவதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: பதினைந்து வயதில் கல்லூரி வேதியியலில் சி வாங்கினால் அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், பின்னாளில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் கல்லூரி ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) போடும்போது அந்த சி-யும் சேரும். ஹைஸ்கூலில்தானே எடுத்தேன் என்றால் கேட்க மாட்டார்கள். அதோடு கம்யூனிட்டி காலேஜில் படித்த அடிப்படை அறிவியல் பாடங்களை எல்லா மருத்துவக் கல்லூரிகளும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. எனவே அவசரப்பட்டு அறிவியலை அடுக்காமல் ஆங்கிலம், வரலாறு, புள்ளியியல் என்று தொடங்குவது நல்லது.

இன்னொரு செய்தி. சாதாரண ஹைஸ்கூலில் இருந்துகொண்டே பதினொன்று, பன்னிரண்டில் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை இலவசமாக எடுக்கலாம், கல்லூரிக்கு மாற்றும் பாடம் என்றால் பொதுவாக ஜி.பி.ஏ. 2.8 கேட்பார்கள். மாநிலத்தின் ஆன்லைன் பள்ளி வழியாகத் தன் பள்ளியில் இல்லாத ஏ.பி. பாடங்களைப் படிக்கலாம், பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏ.பி. தேர்வுக் கட்டணத்தை மாநிலமே கட்டுகிறது. பதினொன்றாம் வகுப்புக்கு டர்ஹாமிலும் மோர்கன்டனிலும் இருக்கும் மாநில அறிவியல் கணிதப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், அங்கேயே தங்கிப் படிப்பது, அதற்கும் கல்விக் கட்டணம் இல்லை. மாநிலத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பிள்ளைகளை எடுப்பது அவர்கள் வழக்கம், கேரியில் ஆயிரம் பேரோடு முட்டிக்கொள்வதைவிட உங்கள் கவுண்டியிலிருந்து விண்ணப்பிப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை. இப்போது எடுக்கும் முடிவு அவளை எந்தக் கதவுக்கும் வெளியே நிறுத்திவிடாது.

பள்ளிக்குள் போய்க் கேளுங்கள்

கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் நேரில் போங்கள், பள்ளி நடக்கும் நாளில். முதலில் கேட்க வேண்டியது, கணக்கு 3-க்கு மேல் யார் நடத்துகிறார், எத்தனை வருடமாக இருக்கிறார். வேதியியலுக்கு லைசென்ஸ் உள்ள ஆசிரியரா, இல்லை வருடம் முழுக்க மாற்று ஆசிரியரா. பாடப் பட்டியலில் பத்து ஏ.பி. அச்சிட்டிருப்பார்கள், அதை நம்பாமல் "போன வருடம் எதெது உண்மையிலேயே நடந்தது, எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்" என்று கேளுங்கள். ஆறு பேர்கூடச் சேராத பாடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள்.

கால அட்டவணை எப்படி என்றும் கேளுங்கள், இதைப் பெற்றோர் கேட்பதே இல்லை. இங்கே பல ஹைஸ்கூல்களில் ஒரு பருவத்துக்கு நான்கு பாடம், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம், ஐந்து மாதத்தில் ஒரு வருடப் பாடமே முடிந்துவிடும். இதில் ஒரு வருடத்தில் இரண்டு கணக்குப் பாடம் முடிக்கலாம் என்பது உங்கள் மகளுக்கு வரம். கெடுதலும் உண்டு: ஒரு ஏ.பி. பாடம் டிசம்பரிலேயே முடிந்து, தேர்வு மே மாதம் வந்தால் நடுவில் நான்கு மாதம் இடைவெளி.

ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் கேளுங்கள். எங்கள் தொழில் சங்கம் பரிந்துரைப்பது 250. எண் 400 தாண்டினால் விண்ணப்பத் தேதிகளை நீங்கள்தான் துரத்த வேண்டியிருக்கும். கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதமும், பள்ளியில் என்னென்ன பாடம் கிடைக்கும் என்ற விவரக் குறிப்பும் அவர் மேசையிலிருந்துதான் போகும். அந்தக் குறிப்பு உங்களுக்குச் சாதகமானது. ஐந்து ஏ.பி. மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்தையும் நன்றாக எடுத்த பிள்ளையை, இருபது உள்ள பள்ளியில் எட்டு எடுத்தவளோடு எண்ணை மட்டும் வைத்துப் பார்க்க மாட்டார்கள். உடனே "அப்படியானால் லேசான பள்ளியில் முதலிடம் வாங்கினால் போதுமே" என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். வேண்டாம், கல்லூரி முதல் வருட வேதியியலில் அது தெரிந்துவிடும்.

வயலின் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. கிராமப்புறப் பள்ளிகளில் பேண்ட் வாத்தியம் இருக்கும், வயலின் குழு அபூர்வம். மேற்குப் பள்ளிக்கு மாறினாலும் அது கிடைக்கப் போவதில்லை. கிரீன்வில்லில் கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளி இருக்கிறது, அங்கே தனிப்பாடம் எடுக்கும் மாணவரோ ஆசிரியரோ கிடைப்பாரா என்று விசாரியுங்கள். சனிக்கிழமை கார் ஓட்ட வேண்டியிருக்கும், அது கேரிக்கு வீடு மாறுவதைவிடச் சுலபம்.

மேற்குப் பள்ளிக்கு மாற்றல் கேட்பது உங்கள் உரிமை, மறுத்தால் கல்வி வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பேருந்து கிடைக்காது, தினமும் நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துப் பார்த்தால் நான் அதற்காக ஒரு காகிதம்கூட நிரப்ப மாட்டேன். என் வரிசை இது: மகளுக்கு இஷ்டமிருந்து, நீங்களும் ஐந்து வருடம் இருப்பதாக இருந்தால் ஏர்லி காலேஜ், கிடைக்காவிட்டால், அல்லது மூன்றே வருடம் என்றால், கிழக்குப் பள்ளி. அங்கே கணக்குக்கும் வேதியியலுக்கும் ஆளே இல்லை என்று தெரிந்தால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

மகளுக்கு என்ன தெரியும் என்கிறீர்கள். ஊர் மாறி வந்த ஒரே வருடத்தில் தோழிகளைச் சம்பாதித்திருக்கிறாள், அந்தத் தோழிகள் கிழக்குப் பள்ளிக்குப் போகிறார்கள். அதுவும் ஒரு தகவல்தான், அட்டவணையில் பன்னிரண்டாவது பத்தியாகச் சேருங்கள். இரண்டு பள்ளியிலும் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேட்டு அவளையும் அனுப்புங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. ஏர்லி காலேஜ் விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்தில் திறந்து மார்ச்சுக்குள் மூடிவிடும், உங்கள் கவுண்டியின் தேதியைப் போன் செய்து கேளுங்கள். இரண்டாவது, மகளின் கணக்கு. மிச்சிகன் மதிப்பெண்களை இணைத்து இப்போதைய பள்ளியின் கவுன்சிலருக்கும் சேரப்போகும் பள்ளியின் கவுன்சிலருக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதுங்கள். வகுப்பில் உட்காராமலேயே தேர்வு எழுதி, ஒரு செய்முறைப் பணியும் செய்து காட்டிக் கணக்கு 1-க்கு கிரெடிட் வாங்கும் வழி இந்த மாநிலத்தில் உண்டு, அதற்கு எப்போது பதிய வேண்டும் என்று கேளுங்கள். அது முடியாவிட்டால் ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்தில் கணக்கு 1, இரண்டாம் பருவத்தில் கணக்கு 2 என்று போடச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, பாடப் பதிவுத் தாளில் எழுதி வாங்குங்கள்.